பழைய எம்.ஜி.பி.க்குப் புது பாடி ஷெல்: காரின் அடையாளம் தொலையாமல் மாற்றுவது எப்படி?

ஐம்பது வருடம் பிரிட்டன் மழையிலும், பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பிலும் ஓடிய ஒரு எம்.ஜி.பி.யை, அதாவது எம்.ஜி. நிறுவனத்தின் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை, லிஃப்டில் ஏற்றி அடியில் விளக்கடித்துப் பாருங்கள். மேலே பெயின்ட் பளபளக்கும். கீழே இரும்பு பொரபொரவென்று உதிரும். என்ஜின் நன்றாக இருக்கும், கியர்பாக்ஸ் நன்றாக இருக்கும், இவற்றையெல்லாம் தாங்குகிற உடல் மட்டும் போயிருக்கும். அப்படிப்பட்ட காருக்குப் புதிதாகச் செய்த முழு பாடி ஷெல்லை (காரின் வெறும் இரும்பு உடலை) வாங்கி, பழைய காரின் உறுப்புகளை அதற்குள் ஏற்றுவதுதான் ரீஷெல். அந்த வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை சொல்வதற்காக இதை எழுதுகிறேன். சட்டம், காகிதம் பற்றிய பகுதிகள் பிரிட்டனில் பதிவான காருக்கானவை. வேறு நாட்டில் பதிவான கார் என்றால் ஸ்பேனரைத் தொடும் முன் அந்த நாட்டுப் பதிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எம்.ஜி.பி.யை உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து 5 லட்சத்துக்கும் மேல் வெளிவந்த கார் இது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்து, 1988-இல் எம்.ஜி.பி. ஷெல்லை மறுபடி செய்யத் தொடங்கியது. ஆலை மூடிய காரின் முழு உடலும் அதே அச்சில் புதிதாகக் கிடைக்க ஆரம்பித்தது பழைய கார் உலகத்தில் பெரிய திருப்பம். ரோவர் நிறுவனம் 1992-இல் கொண்டுவந்த எம்.ஜி. ஆர்.வி.8 காரே இந்த ஷெல் முயற்சியிலிருந்து பிறந்ததுதான். சுமார் 2,000 கார்கள் செய்தார்கள், பெரும்பாலானவை ஜப்பானுக்குப் போயின.

எது அந்தக் கார்?

எம்.ஜி.பி.யில் தனி சேஸிஸ் கிடையாது. உடலும் சேஸிஸும் ஒன்றேயான மோனோகாக் அமைப்பு. தனி சேஸிஸ் உள்ள டிரையம்ஃப் டி.ஆர். மாதிரி கார்களில் மேல் உடலை மாற்றினாலும் சேஸிஸ் அப்படியே நிற்கும், கேள்வி அதிகம் எழாது. எம்.ஜி.பி.யில் ஷெல்லை மாற்றினால், காரின் அடையாளத்துக்குச் சட்டம் முதலில் எதைப் பார்க்குமோ அதையே கழற்றி எறிகிறோம். பிறகு எந்த உரிமையில் அதே நம்பர் பிளேட்டை மாட்டுவது?

இதற்கு லண்டன் உயர் நீதிமன்றத்தில் 1990-இல் வந்த ஒரு தீர்ப்பு நல்ல வழிகாட்டி. 1929, 1930 இரண்டு ஆண்டுகளிலும் பிரான்சின் லு மான் கார் பந்தயத்தில் வென்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் கார், 'ஓல்ட் நம்பர் ஒன்' என்பது அதன் பெயர். ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசி முடித்த பிறகு, இது அந்தக் கார்தானா என்று வாங்கியவர் தரப்பில் சந்தேகம் கிளம்ப, வழக்கு நீதிபதி ஓட்டனிடம் போனது. 1929-இல் ஓடிய காரின் பாகங்கள் அதில் மிகக் குறைவாகவே மிஞ்சியிருந்தன. சேஸிஸ் உட்பட வரிசையாக எல்லாம் மாறியிருந்தது. ஆனாலும் அது 'ஓல்ட் நம்பர் ஒன்' என்றே அழைக்கப்படத் தகுதியானது என்று நீதிபதி முடிவு சொன்னார். அந்தக் கார் இடையில் எங்கேயும் மறைந்து போகவில்லை. படிப்படியாக மாறிக்கொண்டே வந்தது. அந்தப் பெயருக்கு உரிமை கேட்க உலகத்தில் வேறொரு கார் இல்லை.

நம் வேலைக்கான மூன்று தூண்களை இதிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன். பழைய காரின் முக்கிய உறுப்புகள் புதிய ஷெல்லுக்குள் வர வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்று ஆனதற்கு இடைவெளியில்லாத ஆதாரம் இருக்க வேண்டும். வேலை முடிந்தபின் அந்த அடையாளத்தைக் கோர ஒரே ஒரு கார்தான் இருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் முதல் தூணை மட்டும் கவனிக்கிறார்கள். வருடங்கள் கழித்துச் சண்டை வருவது மற்ற இரண்டில்தான்.

படி 1: உண்மையிலேயே ஷெல் தேவையா?

எம்.ஜி.பி.யின் உயிர் அதன் சில்லில் இருக்கிறது. கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை போகும் பெட்டிப் பகுதி அது. வெளியில் தெரிவது ஒரு தகடு. உள்ளே நடுத் தகடு ஒன்று, அதற்கும் உள்ளே இன்னொன்று என்று மூன்று அடுக்கு. ரோட்ஸ்டரில் இரும்புக் கூரை இல்லாததால் காரை வளையாமல் நிமிர்த்தி வைத்திருப்பது இந்த மூன்றடுக்குதான். வெளித் தகட்டின் இரண்டு முனைகளும் முன், பின் மட்கார்டுகளுக்குள் மறைந்திருக்கும். அதனால் சில்லை முறையாக மாற்ற மட்கார்டின் கீழ்ப்பகுதியைக் கழற்றவோ வெட்டவோ வேண்டும். அந்த வேலைக்குச் சோம்பல்பட்டு, துருவின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டி வெல்டிங் செய்துவிட்டுப் போன கார்கள் ஏராளம். பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே வெறும் தூள்.

சோதிப்பது இப்படி. கதவின் முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை மேலும் கீழும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு காரின் பக்கவாட்டு ஜாக்கி இடத்தில் மெதுவாகத் தூக்குங்கள். இடைவெளி கண்ணுக்குத் தெரிய மாறினாலோ, கதவு மூட மறுத்தாலோ, உடல் வளைகிறது என்று அர்த்தம். அப்புறம் தரை விரிப்பைத் தூக்கித் தரைத் தகட்டைப் பாருங்கள். பின் லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடம், இருக்கைக்குப் பின்னால் உள்ள பேட்டரிப் பெட்டி, முன் மட்கார்டுக்கு உள்ளே மேல்பக்கம் சேறு தங்கும் தட்டு, கதவுக் கீல் நிற்கும் தூண் ஆகியவற்றையும் விடாதீர்கள். பட்டறைக் கையேட்டில் உடலின் சீரமைப்பு அளவுகள் படத்தோடு இருக்கும். குறுக்கு அளவுகளை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். பழைய விபத்தில் முறுக்கிக்கொண்ட உடலை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

ஒரு பக்கச் சில்லும் தரையும் மட்டும் போயிருந்தால், நல்ல டிங்கரிங் ஆளிடம் கொடுத்துச் சரிசெய்யுங்கள். நான்கு மூலையும் போய், தூண்களும் போய், முன்பு செய்த வெல்டிங்கையே முதலில் பிரித்தெடுக்க வேண்டும் என்ற நிலைக்கு வந்தால் ஷெல் கணக்கு கட்டுப்படியாகும். ஷெல் மட்டுமே பத்தாயிரம் பவுண்டைத் தாண்டும். பெயின்ட் அதற்கு மேல். ஆனால் கெட்டுப்போன உடலில் மணிக்கணக்கில் போகும் கூலியும் சீக்கிரமே அந்த அளவை எட்டிவிடும்.

ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பேன். பந்தய வரலாறு உள்ள கார், தயாரிப்பின் தொடக்க காலத்துக் கார், ஒரே குடும்பத்தில் பழைய பெயின்ட்டோடு இருக்கும் கார் என்றால் எவ்வளவு செலவானாலும் பழைய உடலையே காப்பாற்றுங்கள். 1965 வரை வந்த, கதவில் இழுக்கும் கைப்பிடி உள்ள ரோட்ஸ்டர்கள் இந்த வகை. அந்தக் காலத்து உடலின் சின்னச் சின்ன வேறுபாடுகளைப் புதிய ஷெல் முழுதாகத் திருப்பித் தராது. லட்சக்கணக்கில் வந்த எழுபதுகளின் காருக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. அதை மறுபடி சாலையில் ஓட வைப்பதே அதற்குச் செய்யும் மரியாதை.

படி 2: ஸ்பேனருக்கு முன் கோப்பு

காரில் ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்தாமல் இந்தப் படியை முடியுங்கள். முதலில் வி5சி என்ற பதிவுப் புத்தகத்தை எடுத்து, அதிலுள்ள சேஸிஸ் எண், என்ஜின் எண், நிறம், என்ஜின் கொள்ளளவு எல்லாம் காரோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பழைய கார்களில் என்ஜின் எப்போதோ மாறியிருக்கும், புத்தகத்தில் மாறியிருக்காது. அதை இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். ஷெல் மாற்றும் நேரத்தில் இரண்டு குழப்பம் சேர்ந்து வரக்கூடாது.

சேஸிஸ் எண் தகடு என்ஜின் அறையில் இருக்கும். எந்த இடம் என்பது ஆண்டைப் பொறுத்தது. ஜி.எச்.என். என்று தொடங்கினால் ரோட்ஸ்டர், ஜி.எச்.டி. என்றால் இரும்புக் கூரை உள்ள ஜி.டி. கூபே. அடுத்து வரும் 3, 4, 5 என்ற எண் எந்தத் தொடர் என்று சொல்லும். என்ஜின் எண் பிளாக்கின் வலப்பக்கம், 18ஜி.பி., 18வி போன்ற முன்னொட்டோடு இருக்கும். இவை தவிர உடலுக்கென்றே தனி எண் கொண்ட சின்னத் தகடு ஒன்றும் உண்டு. மூன்றையும் தூசி துடைத்து, வெளிச்சம் வைத்து, கிட்டத்தில் ஒரு படமும் சுற்றுப்புறம் தெரியத் தள்ளி நின்று ஒரு படமும் எடுங்கள். தகடு எந்தக் காரில் எந்த இடத்தில் இருந்தது என்பது படத்திலேயே தெரிய வேண்டும். தகட்டை மட்டும் எடுத்த குளோசப் எதையும் நிரூபிக்காது.

அடுத்தது வார்விக்‌ஷயரின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்திலிருந்து ஹெரிட்டேஜ் சான்றிதழ். ஆலையின் தயாரிப்புப் பதிவேடுகள் அங்கே இருக்கின்றன. கட்டணம் கட்டி விண்ணப்பித்தால் உங்கள் சேஸிஸ் எண்ணுக்கான கார் எந்தத் தேதியில் கட்டப்பட்டது, என்ன நிறம், உள்ளே என்ன நிறம், என்ஜின் எண், உடல் எண், எந்தச் சந்தைக்கு அனுப்பினார்கள் என்பதையெல்லாம் சான்றிதழாகத் தருவார்கள். இது கையில் வந்தபின் என்ன நிறம் அடிப்பது என்ற கேள்விக்கே இடமிருக்காது. டார்டன் ரெட் நிறத்தில் ஆலையை விட்டு வந்த கார் என்றால் டார்டன் ரெட் அடியுங்கள். ஷெல்லையே மாற்றிவிட்டு நிறத்தையும் மாற்றினால், பழைய காரை நினைவூட்ட என்ன மிச்சம் இருக்கும்?

முழுக் காரையும் வெளியே, உள்ளே, அடியில் என்று படமெடுங்கள். துருவையும் எடுங்கள். ஷெல்லை ஏன் மாற்றினீர்கள் என்று நாளைக்குக் கேட்பவருக்கு அந்த ஓட்டைதான் பதில். முடிந்தால் எம்.ஜி. கிளப்பில் அனுபவம் உள்ள ஒருவரை வரவழைத்து, பிரிப்பதற்கு முன் காரைப் பார்த்து ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். வெளியாள் எழுதியதற்கு உரிமையாளர் எழுதியதைவிட எடை அதிகம்.

படி 3: டி.வி.எல்.ஏ. பக்கம்

பிரிட்டனில் வாகனப் பதிவு ஸ்வான்சியில் உள்ள டி.வி.எல்.ஏ.யின் பொறுப்பு. பல ஆண்டுகளாக அங்கே இருந்த விதி தெளிவானது. திரும்பக் கட்டிய கார் தன் பதிவு எண்ணை வைத்துக்கொள்ள, அதன் பழைய ஷெல்லோ, அதே அமைப்பில் செய்த புத்தம் புதிய ஷெல்லோ இருக்க வேண்டும். கூடவே சஸ்பென்ஷன், ஸ்டியரிங், ஆக்சில்கள், கியர்பாக்ஸ், என்ஜின் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு உறுப்புகளாவது பழைய காரிலிருந்து வந்திருக்க வேண்டும். வாகனத்தையே பெரிதாக மாற்றியவர்களுக்கு 8 புள்ளிக் கணக்கு தனியாக இருந்தது. தேறாத கார்களுக்கு 'கியூ' என்று தொடங்கும் நம்பர் பிளேட் கொடுப்பார்கள். இதன் வரலாறு உறுதியாகத் தெரியவில்லை என்று ஊருக்கே அறிவிக்கும் எழுத்து அது. பழைய காருக்கு அது விழுந்தால் மதிப்பு சரிந்துவிடும்.

2025 ஆகஸ்ட் 26 முதல் இந்த விதிகள் தளர்ந்திருக்கின்றன. இருந்தது இருந்தபடியே பழுதுபார்த்து, ஆலையிலிருந்து வந்த தோற்றத்திலேயே காரை மீட்டால், பதிவுப் புத்தகத்தில் எதுவும் மாறாத வரை தனியாகத் தெரிவிக்கத் தேவையில்லை. உடலின் அமைப்பையே வெட்டி மாற்றியிருந்தால் தெரிவிக்க வேண்டும், ஆனால் பழைய எண்களை வைத்துக்கொள்ள வழி உண்டு.

விதி தளர்ந்துவிட்டது என்று நீங்கள் தளர வேண்டாம் என்பது என் கருத்து. முழு ஷெல்லையும் மாற்றும்போது, வேலை தொடங்கும் முன்பே டி.வி.எல்.ஏ.க்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கார் எது, எந்த நிறுவனத்தின் எந்த ஷெல், பழைய காரிலிருந்து எந்தெந்த உறுப்புகள் வரும் என்று சுருக்கமாகச் சொல்லிப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். விதி இரண்டு உறுப்பு கேட்ட காலத்திலும் ஐந்தையும் கொண்டுவந்தவர்களுக்குத்தான் எந்தக் கேள்வியும் வரவில்லை. நீங்களும் ஐந்தையும் கொண்டுவாருங்கள்.

இன்னொரு காரிலிருந்து வெட்டியெடுத்த பழைய ஷெல் மலிவாகக் கிடைக்கிறதே என்று பலருக்குத் தோன்றும். அதைத் தொடாதீர்கள். அந்த ஷெல்லுக்கு ஏற்கெனவே ஒரு சேஸிஸ் எண்ணும் ஒரு வரலாறும் இருக்கிறது. அதன் மேல் உங்கள் தகட்டை மாட்டினால், திருட்டுக் காருக்கு வேறு காரின் எண்ணை மாட்டும் ஆட்கள் செய்வதற்கும் நீங்கள் செய்ததற்கும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. எந்தக் காருக்கும் சொந்தமாக இல்லாத புதிய ஷெல்லும் அதற்கான ரசீதும் இந்த வேலையின் அஸ்திவாரம்.

வேலை நடக்கும் காலத்தில் காரைச் சாலையில் ஓடாத வாகனமாக அறிவித்துவிடுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். பிரித்துப்போட்ட காரும் தீப்பிடிக்கும், திருடுபோகும்.

படி 4: சரியான ஷெல்லை ஆர்டர் செய்வது

'எம்.ஜி.பி. ஷெல் ஒன்று' என்று ஆர்டர் செய்தால் தவறான பெட்டி வந்து இறங்கும். ரோட்ஸ்டரா ஜி.டி.யா, ஸ்டியரிங் வலதா இடதா என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். கவனிக்க வேண்டியவை வேறு. 1967 இலையுதிர் காலத்தில் மார்க் 2 வந்தபோது கியர்பாக்ஸ் மாறி, அதற்காக நடு டன்னலை அகலமாக்கினார்கள். 1974 செப்டம்பரில் குரோம் பம்பர் போய்க் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. அமெரிக்க விதிகளுக்காகக் காரின் உயரத்தையும் ஏற்றினார்கள், சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்களும் அதோடு மாறின. இரட்டை 6 வோல்ட் பேட்டரிக்குப் பதிலாக ஒற்றை 12 வோல்ட் வந்ததும் அந்தச் சமயம்தான். ரப்பர் பம்பர் காரின் உறுப்புகளைக் குரோம் பம்பர் ஷெல்லில் ஏற்றினால், பார்க்க அழகாக இருக்கலாம். ஆனால் 'அதே அமைப்பில் செய்த ஷெல்' என்ற அடிப்படையே அங்கு உடைகிறது. எழுபத்தாறாம் ஆண்டுக் கார் எழுபத்தாறாம் ஆண்டுக் காராகவே திரும்ப வரட்டும்.

ரசீதில் நான்கு விஷயங்கள் இருக்கச் சொல்லுங்கள்: ஷெல் புதியது என்ற சொல், எந்த மாடலுக்கு, எந்த ஆண்டுகளுக்கு, ஷெல்லுக்கென்று தயாரிப்பு எண் இருந்தால் அந்த எண். உங்கள் காரின் சேஸிஸ் எண்ணையும் ரசீதில் குறிக்கச் சொன்னால் கொடுப்பவர்கள் மறுக்க மாட்டார்கள். பல வருடம் கழித்து இந்த ஒரு தாள்தான் ஷெல்லையும் காரையும் இணைக்கும் கயிறு.

படி 5: பிரித்தல்

இந்தப் படியைச் சுருக்கமாகவே சொல்கிறேன், கையேடு போதும். என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்தே மேலே வரும். முன் சஸ்பென்ஷனும் ஸ்டியரிங் ரேக்கும் ஒரே குறுக்குச் சட்டத்தில் உட்கார்ந்திருப்பதால் அந்தச் சட்டத்தை முழுதாக இறக்கலாம். பின் ஆக்சில் லீஃப் ஸ்பிரிங்கோடு இறங்கிவிடும். ஒவ்வொரு உறுப்பிலும் உள்ள எண்ணையும் அச்சையும் இறக்கும்போதே படமெடுங்கள், கழுவிப் பெயின்ட் அடித்த பிறகு அல்ல. போல்ட்டுகளை இடம் எழுதிய பைகளில் போடுங்கள். வயரிங்கை வெட்டாதீர்கள். புது வயரிங் வாங்கியிருந்தாலும் பழையது எந்த ஓட்டை வழியாகப் போனது என்பதற்கு அதுதான் சாட்சி. கழற்றிய எதையும், உடைந்த கிளிப்பைக்கூட, புதியது காரில் ஏறி உட்காரும் வரை தூக்கி எறியாதீர்கள்.

படி 6: பெயின்ட்டுக்கு முன் ஒருமுறை முழுதாகப் பூட்டிப் பார்ப்பது

ரீஷெல் வேலைகள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஷெல் வந்ததும் ஆசையில் நேராகப் பெயின்ட் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். புதிய ஷெல் என்பதால் எல்லாம் அப்படியே பொருந்தும் என்ற எண்ணம் தவறு. ஆலையிலேயே தொழிலாளிகள் ஒவ்வொரு காரிலும் கதவைத் தட்டி, தூக்கி, தள்ளித்தான் பொருத்தினார்கள்.

முதலில் முன் சட்டத்தையும் பின் ஆக்சிலையும் தற்காலிகமாக மாட்டி, ஷெல்லை அதன் சொந்தச் சக்கரங்களில் நிற்க வையுங்கள். ஸ்டாண்டில் நிற்கும் ரோட்ஸ்டரில் சரிசெய்த கதவு இடைவெளி, தரையில் இறக்கியதும் மாறக்கூடும். பிறகு கதவு, பானெட், டிக்கி மூன்றின் இடைவெளியும் ஒரே சீராக வரும் வரை கீல்களைச் சரிசெய்யுங்கள். அடுத்து முன் கண்ணாடிச் சட்டம். இதன் சாய்வு சரியில்லாவிட்டால் கதவுக் கண்ணாடியும் துணிக் கூரையும் எந்தக் காலத்திலும் பொருந்தாது. அதனால் கண்ணாடி, கதவின் முக்கோணக் கண்ணாடி, கூரைச் சட்டம் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பம்பர், விளக்குகள், கிரில், பக்கவாட்டுக் குரோம் பட்டை எல்லாவற்றையும் மாட்டுங்கள். உங்கள் ஆண்டுக்கே உரிய சில ஓட்டைகள் ஷெல்லில் இருக்காது; இப்போது போட்டால் வெறும் இரும்பில் போடுகிறீர்கள், பெயின்ட்டுக்குப் பிறகு போட்டால் துருவுக்கு வாசல் திறக்கிறீர்கள்.

ஷெல்லில் பதித்த நட்டுகளில் ப்ரைமர் அடைத்திருக்கும். ஒவ்வொன்றிலும் சரியான யு.என்.எஃப். அளவு டேப்பை (மரை வெட்டும் கருவியை) கையால் ஓட்டிச் சுத்தம் செய்யுங்கள். போல்ட்டை வைத்து முரட்டுத்தனமாக முறுக்கினால் நட்டே உள்ளே கழன்று சுற்றும், பிறகு தகட்டை வெட்டித்தான் அதைப் பிடிக்க வேண்டும்.

படி 7: பெயின்ட்டும் துரு காப்பும்

ஷெல்லோடு வரும் ப்ரைமரை அப்படியே வைத்து மேலே அடிக்கலாமா, தேய்த்து எப்பாக்சி அடிக்க வேண்டுமா என்று ஷெல் விற்றவரிடமும் பெயின்ட் விற்பவரிடமும் கேட்டு, இருவரும் ஒத்துக்கொள்ளும் முறையில் செய்யுங்கள். தகடுகள் சேரும் எல்லா இடத்திலும் சீலர் போட வேண்டும். சக்கர வளைவுக்கும் அடிப்பகுதிக்கும் கல் அடி தாங்கும் பூச்சு. பெயின்ட் நன்றாகக் காய்ந்த பிறகு சில்லின் மூன்றடுக்குக்குள்ளும் தூண்களுக்குள்ளும் கதவுகளுக்குள்ளும் மெழுகுப் பூச்சை நீளக் குழாய் வைத்துப் பீய்ச்சுங்கள். பழைய ஷெல்லைக் கொன்றது உள்ளிருந்து வந்த துரு. சில்லிலும் கதவிலும் உள்ள தண்ணீர் வடியும் துளைகளை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 8: உறுப்புகள் வீடு மாறுவது

வரிசை முக்கியம். பிரேக், பெட்ரோல் குழாய்கள் முதலில், நிக்கல் கலந்த செம்புக் குழாய் என்றால் துரு பயம் இல்லை. பிறகு வயரிங், பெடல் பெட்டி, ஹீட்டர். ஹீட்டர் பெட்டியை என்ஜினுக்கு முன்பே மாட்டி, கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பின்னால் அதைக் கழற்றி மாட்டுவது விரலைத் தின்னும் வேலை. அப்புறம் முன் சட்டமும் பின் ஆக்சிலும், கடைசியில் என்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றாக.

புதிதாகப் பெயின்ட் அடித்த ஷெல்லில் வரும் மின்சாரக் கோளாறுகளுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: எர்த் வயர் பெயின்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். எர்த் இடங்களில் மட்டும் பெயின்ட்டைச் சுரண்டி, இறுக்கிய பிறகு கிரீஸ் தடவுங்கள். என்ஜினுக்கும் உடலுக்கும் இடையிலான எர்த் பட்டையை மறந்தால், ஸ்டார்ட்டர் மின்சாரம் ஆக்சிலரேட்டர், சோக் கேபிள்கள் வழியாக ஓடி அவற்றைச் சூடாக்கும்.

என்ஜினைப் புதுப்பிப்பவர்கள் பிளாக்கில் உள்ள எண் தகட்டைக் கழற்றிவிட்டு மறந்துவிடுவது வழக்கம். பட்டறைக்கு அனுப்பும் முன் அது பத்திரமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய இருக்கைச் சட்டம், டேஷ்போர்டு, மீட்டர்கள், ஸ்டியரிங் வீல் ஆகியவை பயன்படும் நிலையில் இருந்தால் புதியவை வாங்காதீர்கள். சட்டம் இவற்றைக் கேட்காது. ஆனால் கதவைத் திறந்து உட்காரும் உரிமையாளருக்கு இது தன் கார் என்று சொல்வது அந்தத் தேய்ந்த ஸ்டியரிங்தான்.

படி 9: எண் தகடுகள்

சேஸிஸ் எண் தகடு புதிய ஷெல்லுக்கு மாற வேண்டும். ரிவெட்டின் தலையை மட்டும் துளையிட்டு, தகடு வளையாமல் எடுங்கள். எடுப்பதற்கு முன், எடுத்தபின், புதிய ஷெல்லில் அதே இடத்தில் மாட்டியபின் என்று படமெடுத்து, தேதியோடு கோப்பில் வையுங்கள். யாரும் பார்க்காமல் செய்ய வேண்டிய வேலை அல்ல இது. பட்டறையில் நடுப்பகலில், சாட்சியோடு செய்யுங்கள். தகடு சிதைந்துபோயிருந்தால் புதிய தகடு வாங்கலாம், ஆனால் பழையதைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். புதிய தகட்டைத் தேய்த்துப் பழசாக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

எண்ணை உடலிலேயே பொறித்த கார்களில், அந்தத் துண்டை வெட்டிப் புதிய ஷெல்லில் வெல்டிங் செய்யும் பழக்கம் சிலரிடம் உண்டு. போலீஸ்காரர் ஒருவர் அந்த வெல்டிங் கோட்டைப் பார்த்தால் திருட்டுக் கார் என்றுதான் நினைப்பார், அப்படி நினைப்பதில் நியாயமும் இருக்கிறது. பொறிக்க வேண்டும் என்றால் டி.வி.எல்.ஏ.யின் அனுமதிக் கடிதத்தோடுதான் செய்ய வேண்டும்.

உடல் எண் தகட்டில் கருத்து வேறுபாடு உண்டு. அதையும் மாற்றினால்தான் கார் முழுமை பெறும் என்பவர்கள் இருக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அந்த எண் பழைய ஷெல்லுக்கு இட்ட எண். அந்த ஷெல் போய்விட்டது. புதிய ஷெல்லில் அதை மாட்டினால், 'இது ஆலையிலிருந்து வந்த உடல்' என்று ஒரு பொய்யை இரும்பில் ஆணியடிக்கிறோம். தகட்டைக் கோப்பில் வைத்துவிட்டு, புதிய ஷெல் எந்த ஆண்டில் மாறியது என்று ஒரு சின்னக் குறிப்பைக் கண்ணில் படாத, ஆனால் தேடினால் கிடைக்கும் இடத்தில் பதியுங்கள். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவாவின் டூரின் சாசனமும், மாற்றிய பாகங்களில் நிலையான குறி இடச் சொல்கிறது.

படி 10: பழைய ஷெல்லை முடித்துவைப்பது

இதைத் தள்ளிப்போடாதீர்கள். பழைய ஷெல் முழுதாகத் தோட்டத்து மூலையில் கிடக்கும் வரை, உங்கள் காரின் அடையாளத்துக்கு இன்னொரு வாரிசு உயிரோடு இருக்கிறது. அதை யாரோ வாங்கிச் சரிசெய்து, 'இதுதான் உண்மையான கார்' என்று கிளம்பினால் வழக்குதான். பந்தயக் கார்களில் இப்படி ஒரே எண்ணுக்கு இரண்டு கார்கள் நிற்பது புதிதல்ல.

கட்டரால் குறுக்கே வெட்டுங்கள். சில், தூண்கள், என்ஜின் அறைச் சுவர் எல்லாம் துண்டாக வேண்டும். படமெடுங்கள். நல்ல தகடுகளைத் தனித்தனியாக விற்கலாம், தவறில்லை. மீதி காயலான் கடைக்கு, எடை ரசீதோடு. இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை: பழைய இரும்பு என்று கொடுங்கள், இந்தப் பதிவு எண் கொண்ட கார் என்று கொடுக்காதீர்கள். வாகனமாக ஒப்படைத்தால் அழிப்புச் சான்றிதழ் போட்டுவிடுவார்கள். அது போட்டபின் அந்தப் பதிவு எண் மறுபடி சாலைக்கு வர முடியாது. புதிய ஷெல்லில் ஜொலிக்கும் உங்கள் கார் காகிதத்தில் செத்த காராகிவிடும்.

படி 11: சாலைக்குத் திரும்புதல்

பிரிட்டனில் 40 வருடம் தாண்டிய கார், கடந்த 30 வருடத்தில் பெரிதாக மாற்றப்படாதிருந்தால் ஆண்டுதோறும் செய்ய வேண்டிய எம்.ஓ.டி. பாதுகாப்புச் சோதனையிலிருந்து விலக்குப் பெறலாம். அதே வடிவில் செய்த ஷெல்லை மாற்றுவது அந்தக் கணக்கில் பெரிய மாற்றம் ஆகாது. விலக்கு இருந்தாலும் முதல் தடவை சோதனைக்குக் கொண்டுபோங்கள். எல்லா பிரேக் குழாயும் எல்லா சஸ்பென்ஷன் போல்ட்டும் புதிதாகப் பூட்டிய கார் அது; இன்னொரு ஜோடிக் கண் பார்ப்பது உயிருக்கு நல்லது. கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு சஸ்பென்ஷன் போல்ட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள், புதுப் பெயின்ட் அழுந்தி அவை தளர்ந்திருக்கும்.

இன்ஷூரன்ஸில் காரின் மதிப்பை இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட பாலிசி எடுங்கள். விண்ணப்பத்தில் ஷெல் மாறியது என்பதை எழுதுங்கள். மறைத்து வாங்கிய பாலிசி விபத்து நாளில் உதவாது.

விற்கும் நாள் வந்தால் விளம்பரத்தின் இரண்டாவது வரியிலேயே எழுதுங்கள்: 'இந்த ஆண்டில் புதிய பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் ஷெல்லுக்கு மாற்றப்பட்டது, ரசீது, படங்கள், டி.வி.எல்.ஏ. கடிதம் உள்ளன.' இப்படி எழுதினால் விலை குறையும் என்ற பயம் எம்.ஜி.பி. விஷயத்தில் தேவையில்லை. துருப்பிடித்த ஆலை உடலைவிட, நன்றாகக் கட்டிய ஹெரிட்டேஜ் ஷெல்லைத் தேடி வாங்குகிறவர்கள் நிறைய. வாங்குபவரிடம் சாவியோடு முழுக் கோப்பையும் கொடுத்துவிடுங்கள், அந்த உடல் எண் தகட்டையும் சேர்த்து. உங்களிடம் ஒரு நகல் மட்டும் இருக்கட்டும்.